மேலே ஏறிய போர்டு யாரென்று லினக்ஸ் எப்படித் தெரிந்துகொள்கிறது?

யூஎஸ்பி மவுஸைச் செருகினால் லினக்ஸ் அடுத்த நொடியே அதைத் தெரிந்துகொள்கிறது. யார் தயாரித்தது, என்ன மாடல், எந்த டிரைவர் வேண்டும் என்று எல்லாமே வந்துவிடுகிறது. ராஸ்பெர்ரி பையின் 40 பின் ஹெடரில் ஒரு ஆடியோ போர்டை அழுத்திப் பொருத்தி மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். போர்டில் எல்இடி எரியும், ஆனால் லினக்ஸைக் கேட்டால் அப்படி ஒருவரைத் தெரியவே தெரியாது என்று சொல்லும். வேறு சில போர்டுகளோ பொருத்திப் பூட் செய்ததுமே வேலை செய்கின்றன. எந்தக் கோப்பையும் தொட வேண்டியதில்லை. இந்த இரண்டு வகைக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன நினைவகச் சிப்தான்.

அந்தச் சிப் ஏன் தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். யூஎஸ்பியிலும் பிசிஐயிலும் "நீ யார்?" என்று கேட்பதற்கான வழி நெறிமுறைக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு சாதனமும் 16 பிட்டில் ஒரு தயாரிப்பாளர் எண்ணையும் இன்னொரு 16 பிட்டில் ஒரு பொருள் எண்ணையும் சொல்லியாக வேண்டும். ஐ2சி அப்படிப் பிறக்கவில்லை. 1982இல் பிலிப்ஸ் நிறுவனம் அதை உருவாக்கியபோது நோக்கம் ஒரே போர்டுக்குள் இருக்கும் சிப்புகள் இரண்டே கம்பியில் பேசிக்கொள்ள வேண்டும் என்பதுதான். போர்டை வடிவமைத்தவருக்கு எந்த முகவரியில் எது இருக்கிறது என்று தெரியும். பிறகு எதற்கு அறிமுகம்?

ஐ2சி தடத்தில் எந்தெந்த முகவரியில் சிப் இருக்கிறது என்று தேடும் ஐ2சிடிடெக்ட் கட்டளையை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அட்டவணையில் ஹெக்ஸ் 76 (ஹெக்ஸ் என்பது 16ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) என்ற கட்டம் நிரம்பியிருக்கும். அது பிஎம்இ280 என்ற ஈரப்பத சென்சாராக இருக்கலாம், எம்எஸ்5611 என்ற அழுத்த சென்சாராகவும் இருக்கலாம். இரண்டுமே அந்த முகவரியில் உட்காரக்கூடியவை. கதவைத் தட்டினால் உள்ளே ஆள் இருப்பது தெரிகிறது, யார் என்பது தெரிவதில்லை. சிப்புகளை இணைக்கும் இன்னொரு முறையான எஸ்பிஐயில் அந்தப் பதில்கூடக் கிடைக்காது. ஜிபிஐஓ பின் என்பதோ வெறும் கம்பி. அதன் மறுமுனையில் பொத்தான் இருக்கிறதா, ரிலே இருக்கிறதா என்று லினக்ஸின் மையமான கெர்னல் எப்படிக் கண்டுபிடிக்கும்? சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு பின்னை அவுட்புட்டாக மாற்றினால் ரிலே சடக்கென்று விழும். இதெல்லாம் ஊகித்துப் பார்க்கிற இடமில்லை.

அதனால் இத்தகைய போர்டுகளில் இருக்கும் ஆர்ம் செயலிகளின் உலகில் வன்பொருளைப் பற்றிய விவரத்தை வெளியிலிருந்து எழுதித் தர வேண்டியிருந்தது. முன்பு ஒவ்வொரு போர்டுக்கும் கெர்னலுக்குள்ளேயே ஒரு சி கோப்பு எழுதினார்கள். அது பெருகிப் பெருகி, 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து திட்டும் அளவுக்குப் போனது. அதற்குப் பிறகு டிவைஸ் ட்ரீ ஆர்ம் பக்கம் வேகமாகப் பரவியது. எந்த முகவரியில் எந்தச் சிப், எந்தப் பின் எதற்கு என்பதையெல்லாம் மரம்போல அடுக்கிச் சொல்லும் ஒரு தரவுக் கோப்பு அது. கெர்னல் அதைப் படித்து டிரைவர்களை எழுப்புகிறது. மேலே ஒரு போர்டு வந்து ஏறினால் அந்த மரத்தில் கூடுதலாக ஒட்டவைக்கும் கிளைக்கு ஓவர்லே என்று பெயர்.

சரி, எந்தக் கிளையை ஒட்டுவது என்று யார் சொல்வது? பயனர் தன் கையால் கான்ஃபிக் கோப்பில் எழுதலாம். இல்லையென்றால் போர்டே சொல்லலாம். சொல்லத் தெரியாத போர்டுக்குப் பேச்சுக் கொடுப்பதுதான் ஈஈப்ராம் என்ற அந்த எட்டுக் கால் நினைவகச் சிப்பின் வேலை.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. கணினியின் ரேம் குச்சியில் இதே போன்ற ஒரு சிப் இருந்துகொண்டு தன் கொள்ளளவையும் வேகத்தையும் சொல்கிறது. மானிட்டர் தன் ரெசல்யூஷனைச் சொல்வதும் இதே வழியில்தான். ரேம் குச்சிகளுக்கு ஹெக்ஸ் 50 முதல் 57 வரை, மானிட்டருக்கு ஹெக்ஸ் 50. ராஸ்பெர்ரி பையின் மேல்போர்டுக்கும் ஹெக்ஸ் 50தான். 24சி வரிசை ஈஈப்ராம்களின் முகவரி அங்கேதான் தொடங்குகிறது. எல்லோரும் அதே குடும்பச் சிப்பை வாங்கிப் போடுவதால் எல்லோரும் அதே முகவரிக்கு வந்து சேர்கிறார்கள்.

கருத்து வேறுபாடு அடுத்த கேள்வியில்தான் தொடங்குகிறது. அந்தச் சிப்புக்குள் என்ன எழுதி வைப்பது? பெயரை மட்டுமா, முழு விவரத்தையுமா? இரண்டு பெரிய குடும்பங்கள் இரண்டு விதமாகப் பதில் சொன்னன.

ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினிப் போர்டான பீகிள்போன் 2011இல் வந்தது. அதன் மேல்போர்டுக்கு கேப் என்று பெயர். ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு கேப்கள் வரை அடுக்கலாம். ஒவ்வொன்றின் ஈஈப்ராமும் ஹெக்ஸ் 54 முதல் 57 வரையுள்ள முகவரிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். கேப்பில் இருக்கும் சின்னச் சுவிட்சோ ஜம்பரோ அதை முடிவு செய்யும். பி9 ஹெடரின் 19, 20ஆம் பின்கள் வழியாகப் போகும் ஐ2சி தடத்தில் இவை உட்கார்ந்திருக்கும். சிப் 24சி256, அதாவது 32 கிலோபைட். ஆனால் அடையாளத்துக்கு முதல் 244 பைட்டே போதும், மீதி முழுக்கக் காலி இடம்.

அந்த 244 பைட் ஒரு படிவம் மாதிரி. முதல் நான்கு பைட் ஏஏ, 55, 33, ஈஈ என்ற அடையாளக் குறி. பிறகு ஏ0 என்ற வடிவ எண். 6ஆவது பைட்டிலிருந்து 32 எழுத்துக்குப் போர்டின் பெயர், 38இலிருந்து நான்கு எழுத்துப் பதிப்பு எண், 42இலிருந்து தயாரிப்பாளர், 58இலிருந்து 16 எழுத்தில் பாகக் குறியீடு, 76இலிருந்து 12 எழுத்தில் வரிசை எண். பிறகு 88இலிருந்து 148 பைட்டுக்கு ஒவ்வொரு பின்னும் எப்படிப் பயன்படுகிறது என்ற பட்டியல், பின்னுக்கு 2 பைட் வீதம் 74 பின்கள். கடைசியில் எந்த வோல்டேஜில் எவ்வளவு மில்லி ஆம்பியர் இழுக்கும் என்ற கணக்கு.

படிவத்தில் இத்தனை கட்டம் இருந்தாலும், ஓவர்லேயைத் தேர்ந்தெடுக்க மென்பொருள் பார்ப்பது இரண்டைத்தான்: பாகக் குறியீடும் பதிப்பு எண்ணும். இரண்டையும் நடுவில் ஒரு கோடு போட்டு ஒட்டினால் ஒரு கோப்பின் பெயர் கிடைக்கும். குறியீடு பிபி-போன்-எல்சிடி4-01, பதிப்பு 00ஏ1 என்றால், ஃபர்ம்வேர் கோப்பகத்தில் அந்தப் பெயரில் ஒரு ஓவர்லே கோப்பு இருக்கிறதா என்று தேடும். இருந்தால் ஏற்றும். இல்லாவிட்டால் லாகில் ஒரு வரி புலம்பிவிட்டு நகர்ந்துவிடும்.

இந்த இடத்தில் நான் ஒரு மாலைப்பொழுதை இழந்திருக்கிறேன். சொந்தமாகச் செய்த போர்டு, ஈஈப்ராம் எழுதியாயிற்று, ஓவர்லே கோப்பும் சரியான இடத்தில் இருக்கிறது. ஆனாலும் கோப்பு கிடைக்கவில்லை என்றே லாகில் வருகிறது. லாகில் வந்த பெயரையும் கோப்பின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. கடைசியில் ஹெக்ஸ்டம்ப் எடுத்தபோதுதான் தெரிந்தது. பதிப்பு எண்ணின் கடைசி எழுத்து 30 என்று இருக்க வேண்டிய இடத்தில் 4எஃப் என்று இருந்தது. பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில ஓ எழுத்தை அடித்திருக்கிறேன். டெர்மினல் எழுத்துருவில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அன்றிலிருந்து அடையாளச் சிப் விஷயத்தில் கண்ணால் படிப்பதை நம்புவதில்லை, பைட்டைத்தான் பார்க்கிறேன்.

பீகிள்போனில் இந்த வேலையை முதலில் செய்தது கெர்னலுக்குள் இருந்த கேப்மேனேஜர். பான்டெலிஸ் அன்டோனியூ எழுதியது. 3.8 கெர்னல் காலத்தில் ஸ்லாட்ஸ் என்ற கோப்பைத் திறந்தால் எந்த இடத்தில் எந்தக் கேப் ஏறியிருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். அதே கோப்பில் ஒரு பெயரை எழுதினால் ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலேயே ஓவர்லே ஏறிவிடும். பார்க்க அழகாக இருந்தது. பழகினால்தான் சிக்கல் தெரியும். பூட் ஆகும்போது கேப்மேனேஜர் சீக்கிரமே விழித்துக்கொண்டு சிப்பைப் படித்துவிடும், ஓவர்லே கோப்பைத் தேடும். அந்த நேரத்தில் அந்தக் கோப்பு இருக்கும் ரூட் பகிர்வோ இன்னும் மவுன்ட் ஆகியிருக்காது. சிப் சரி, பெயர் சரி, கோப்பும் சரி, ஆனால் அலமாரி இன்னும் திறக்கவில்லை. பூட்டின் தொடக்கத்திலேயே நினைவகத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் அந்தக் கோப்பைத் திணித்து, இல்லாவிட்டால் கெர்னலோடு சேர்த்துத் தொகுத்து, மக்கள் எப்படியோ சமாளித்தார்கள்.

ஏற்றிய ஓவர்லேயை இறக்குவது இன்னொரு தலைவலி. ஒரு டிரைவர் பிடித்துவைத்திருக்கும் பின்னைப் பாதியில் பிடுங்கினால் எல்லா டிரைவரும் அதை நாகரிகமாக ஏற்றுக்கொள்வதில்லை. பயனர் பக்கத்திலிருந்து ஓவர்லேயை ஏற்றி இறக்கும் வசதி லினக்ஸின் மூலக் கெர்னலுக்குள் வராமலே போனதற்கு இந்த மாதிரிச் சிக்கல்களும் ஒரு காரணம்.

அப்புறம் வேலை, கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடரான யூ-பூட்டுக்கு மாறியது. கெர்னல் தொடங்குவதற்கு முன்பே யூ-பூட் நான்கு முகவரிகளையும் தட்டிப் பார்க்கிறது, பெயரைப் படிக்கிறது, ஓவர்லேயை மரத்தோடு ஒட்டி முடித்த பிறகே கெர்னலிடம் கொடுக்கிறது. கெர்னலின் கண்ணுக்கு அது எப்போதும் அப்படியே இருந்த மரம். மாற்றம் வேண்டுமென்றால் மறுபடி பூட் செய்ய வேண்டும் என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. என்னைக் கேட்டால் நல்ல பேரம். இந்தப் பக்கம் அமைப்பெல்லாம் யூஎன்வி என்ற உரைக் கோப்பில் இருக்கிறது. யூ-பூட் ஓவர்லேயை இயக்கும் வரி அதில் 1 என்று இருக்க வேண்டும். ஈஈப்ராம் சொல்வதை ஒதுக்கிவிட்டு நாமே ஓவர்லே கொடுக்க, அட்ரஸ் 0 முதல் 3 வரை முகவரிக்கு ஒரு வரி வீதம் உண்டு. அதில் கோப்பின் முழுப் பாதையை எழுதினால் சிப் என்ன சொன்னாலும் நாம் சொன்னதுதான் ஏறும்.

பீகிள்போன் பிளாக்கில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். போர்டிலேயே இருக்கும் இஎம்எம்சி நினைவகமும் எச்டிஎம்ஐயும் ஹெடரில் வெளியே வரும் அதே பின்களைத்தான் பயன்படுத்துகின்றன. அதனால் அவற்றையும் கண்ணுக்குத் தெரியாத கேப்கள் போலவே நடத்துகிறார்கள். எல்சிடி கேப் ஒன்றை ஏற்றினால் எச்டிஎம்ஐ விலக வேண்டும். விலகாவிட்டால் பின் மோதல். அந்தச் சமயத்தில் அடையாளச் சிப்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, வீடியோ ஓவர்லேயை நிறுத்தும் வரியை யூஎன்வி கோப்பில் போட வேண்டும்.

ராஸ்பெர்ரி பை வேறு வழியில் போனது. 2014 ஜூலையில் பி பிளஸ் மாடல் 40 பின் ஹெடரோடு வந்தது. அதே மாதக் கடைசியில் ஹேட் என்ற மேல்போர்டு விதிமுறையும் வந்தது. அளவு 65க்கு 56.5 மில்லிமீட்டர், நான்கு மூலையிலும் துளை, கட்டாயமாக ஒரு அடையாள ஈஈப்ராம். அதற்காகவே 27, 28 என்ற இரண்டு பின்களை ஒதுக்கினார்கள். ஜிபிஐஓ 0, 1 என்று எண்ணிடப்பட்டவை. வேறு எதையும் அவற்றில் இணைக்கக் கூடாது என்று விதிமுறை கண்டிப்பாகச் சொல்கிறது. அந்தத் தடத்தில் ஹெக்ஸ் 50இல் 24சி32 போன்ற ஒரு 4 கிலோபைட் சிப் இருக்க வேண்டும்.

எந்தச் சிப் என்பதிலும் கவனம் வேண்டும். முகவரியை இரண்டு பைட்டில் வாங்கிக்கொள்ளும் வகைதான் பொருந்தும். 24சி02 போன்ற சின்னச் சிப்புகள் ஒரே பைட்டைத்தான் எதிர்பார்க்கின்றன. படிக்க வந்த ஃபர்ம்வேர் அனுப்பும் இரண்டாவது பைட்டை அவை "எழுத வந்த தரவு" என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. 3.3 வோல்டில் ஓட வேண்டும், கடிகாரக் கம்பியை இழுத்துப் பிடித்துக் காத்திருக்கச் சொல்லும் பழக்கம் இருக்கக் கூடாது. ஐ2சி கம்பிகளை மேல் வோல்டேஜுக்கு இழுத்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டரும் மேல்போர்டில்தான் இருக்க வேண்டும், 3.9 கிலோ ஓம் என்பது பரிந்துரை. ஜிபிஐஓ 2, 3 பின்களில் ராஸ்பெர்ரி பையே 1.8 கிலோ ஓம் போட்டுத் தருகிறது. அந்தப் பழக்கத்தில் அடையாளப் பின்களிலும் இருக்கும் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அப்படிச் செய்த போர்டில் சிப் இருந்தும் இல்லாதது போலத்தான்.

சிப்புக்குள் இருப்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்போம். முதல் 12 பைட் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

52 2டி 50 69 01 00 02 00 6ஏ 00 00 00

முதல் நான்கும் ஆஸ்கியில் ஆர், ஒரு கோடு, பெரிய பி, சின்ன ஐ. "ஆர்-பை" என்று கையெழுத்து. அடுத்த 01 வடிவத்தின் பதிப்பு, அதற்கடுத்த 00 ஒதுக்கி வைத்த இடம். 02 00 என்பது உள்ளே இரண்டு துண்டுகள் இருக்கின்றன என்று சொல்கிறது. சின்ன பைட் முன்னால் வரும் வரிசை என்பதால் தலைகீழாகத் தெரிகிறது. கடைசி நான்கு பைட் மொத்த நீளம். ஹெக்ஸ் 6ஏ என்றால் 106.

துண்டு என்று நான் சொன்னதை அவர்கள் ஆட்டம், அதாவது அணு என்கிறார்கள். ஒவ்வொரு அணுவுக்கும் வகை எண், வரிசை எண், நீளம் என 8 பைட் முகப்பு. கடைசியில் பிழை கண்டுபிடிக்க 16 பிட் சிஆர்சி. முதல் வகை தயாரிப்பாளர் விவரம்: யூயூஐடி என்ற 16 பைட் தனித்துவ எண், பொருள் எண், பதிப்பு, பிறகு இரண்டு பெயர்கள். இரண்டாவது வகை பின் வரைபடம்: ஹெடரில் வரும் 28 ஜிபிஐஓவுக்கு ஆளுக்கு ஒரு பைட், முன்னால் 2 பைட் பொதுவான அமைப்பு. மூன்றாவது வகை டிவைஸ் ட்ரீ. நான்காவது தயாரிப்பாளர் தன் விருப்பப்படி எதையும் வைத்துக்கொள்ள. மேலே சொன்ன 106ஐக் கூட்டிப் பார்க்கலாம். தயாரிப்பாளர் பெயர் 12 எழுத்து, பொருள் பெயர் 10 எழுத்து என்றால் முதல் அணு முகப்பும் சிஆர்சியும் சேர்த்து 54 பைட். பின் வரைபட அணு 40. தலைப்பு 12. கணக்கு சரியாக வருகிறது.

ஆக, பெயரும் பின்களும் நூற்றுச் சொச்சம் பைட்டில் முடிந்துவிடுகின்றன. மீதி 4 கிலோபைட் எதற்கு? மூன்றாவது அணுவுக்கு. பீகிள்போனில் சிப் பெயரை மட்டும் சொல்ல, விவரம் கணினியில் இருந்தது. ஹேட் விதிமுறை ஓவர்லேயையே தொகுத்துச் சிப்புக்குள் வைக்க இடம் கொடுத்தது. போர்டு தன்னைப் பற்றிய முழு விவரத்தையும் தானே சுமந்து வரும். கணினியில் எந்தக் கோப்பும் இருக்க வேண்டியதில்லை. கேட்பதற்கு இதுதான் நேர்த்தியான வழி.

நாள் போகப் போகத்தான் இதன் பலவீனம் தெரிகிறது. ஓவர்லே என்பது ஒரு குறிப்பிட்ட காலத்துக் கெர்னலை மனதில் வைத்து எழுதியது. டிரைவரின் பெயர் மாறும், ஒரு பண்பின் பெயர் மாறும், சிப்செட்டே மாறும். 2023இல் வந்த ராஸ்பெர்ரி பை 5இல் ஹெடர் பின்களை ஓட்டுவது முதன்மைச் செயலி இல்லை, ஆர்பி1 என்ற தனிச் சிப். பத்து ஆண்டுக்கு முன் தொகுத்து எரித்து, எழுதத் தடையும் போட்டு அனுப்பிய ஓவர்லேக்கு ஆர்பி1 என்று ஒன்று வரப்போவது எப்படித் தெரிந்திருக்கும்? கணினியில் இருக்கும் கோப்பென்றால் அடுத்த அப்டேட்டில் திருத்திவிடலாம். மேல்போர்டில் எரித்ததைத் திருத்தப் பயனர் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும்.

பெயர் மட்டும் இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. ராஸ்பெர்ரி பையில் ஓவர்லே மேப் என்று ஒரு கோப்பு இருக்கிறது. ஒரே பெயரை மாடலுக்கு ஏற்ப வேறு கோப்புக்குத் திருப்பிவிடும். புளூடூத்தை நிறுத்தும் டிசேபிள்-பிடி என்று கேட்டால் பை 5இல் அதற்கென்றே எழுதிய டிசேபிள்-பிடி-பை5 ஏறும். பெயரைத்தான் திருப்பிவிட முடியும். எரித்து வைத்த பைட்டை யார் திருப்புவது? மூன்றாவது அணுவில் ஓவர்லேக்குப் பதில் அதன் பெயரை மட்டும் எழுதும் வழி ஏற்கெனவே இருந்தது. 2023 டிசம்பரில் வந்த ஹேட் பிளஸ் விதிமுறை அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. பின் வரைபடம் கட்டாயம் என்பதும் போயிற்று. அளவுக் கட்டுப்பாடும் தளர்ந்தது. பீகிள்போன் தொடங்கிய இடத்துக்கு ராஸ்பெர்ரி பை சுற்றி வந்து சேர்ந்திருக்கிறது என்று சொன்னால் இரண்டு பக்கத்து ரசிகர்களும் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது.

பெயர் வழிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பெயரில் ஓவர்லே கோப்பு பயனரின் கணினியில் இருந்தாக வேண்டும். ராஸ்பெர்ரி பையின் கெர்னலோடு அது போய்ச் சேர்ந்திருந்தால் கவலை இல்லை. பத்துப் போர்டு செய்து நண்பர்களுக்குக் கொடுப்பவருக்கு அது நடக்கிற காரியமா? அவருக்கு இன்றும் முழு ஓவர்லேயை எரிப்பதே எளிது.

நாமே எழுதிப் பார்க்க என்ன வேண்டும்? ராஸ்பெர்ரி பை தரும் கருவிகள் மூன்று: உரைக் கோப்பிலிருந்து பைட்டாக்கும் ஈப்மேக், பைட்டிலிருந்து உரையாக்கும் ஈப்டம்ப், சிப்பில் எழுதவும் படிக்கவும் ஈப்ஃப்ளாஷ். உரைக் கோப்பில் தயாரிப்பாளர் பெயர், பொருள் பெயர், எண்கள், பின் அமைப்பு எல்லாம் வரிவரியாக இருக்கும். அதில் பேக் பவர் என்ற வரியைப் பொய்யாக நிரப்பாதீர்கள். மேல்போர்டு 5 வோல்ட் பின் வழியாகக் கீழே மின்சாரம் கொடுக்கிறதா என்பதை அது சொல்கிறது. 0 என்றால் கொடுக்காது, 1 என்றால் குறைந்தது 1.3 ஆம்பியர், 2 என்றால் குறைந்தது 2 ஆம்பியர்.

யூயூஐடி வரியைப் பூஜ்யமாக விட்டால் ஈப்மேக் ஒவ்வொரு முறையும் தற்போக்கில் புதிதாக ஒன்றை உருவாக்கும். ஒவ்வொரு முறையும் என்பதுதான் முக்கியம். ஒருமுறை ஈப்மேக் ஓட்டி, கிடைத்த கோப்பையே நூறு போர்டுக்கும் எரித்தால் நூறும் ஒரே யூயூஐடியோடு போகும். தனித்துவத்துக்கென்று வைத்த எண் அதோடு அர்த்தம் இழந்துவிடும். போர்டுக்கு ஒருமுறை ஈப்மேக் ஓட வேண்டும். ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரி கூடுதல், அவ்வளவுதான்.

எழுதும்போது ஈப்ஃப்ளாஷ் உண்மையில் செய்வது எளிமையான வேலை. ஜிபிஐஓ 0, 1ஐ வைத்து 9 என்ற எண்ணில் மென்பொருள் ஐ2சி தடம் ஒன்றைத் தற்காலிகமாக உருவாக்குகிறது, கெர்னலின் ஏடி24 டிரைவரிடம் "ஹெக்ஸ் 50இல் 24சி32 இருக்கிறது" என்று சொல்கிறது, அந்த டிரைவர் காட்டும் ஈஈப்ராம் கோப்பில் டிடி கட்டளையால் பைட்டுகளைக் கொட்டுகிறது. முதலில் 4 கிலோபைட் பூஜ்யத்தை எழுதி அழித்துவிட்டுப் பிறகு புதியதை எழுதுவது நல்லது. இல்லாவிட்டால் பழைய நீளமான ஓவர்லேயின் வால் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். ஃபர்ம்வேருக்கு அதனால் கெடுதல் இல்லை, பிறகு டம்ப் எடுத்துப் பார்க்கும் உங்களுக்குத்தான் தலை சுற்றும்.

அதைவிடப் பெரிய பொறி எழுதத் தடைக் கால். டபிள்யூபி என்று பெயரிட்ட அந்தக் காலை விதிமுறைப்படி மேலே இழுத்து வைத்திருப்பார்கள். எழுத வேண்டும் என்றால் ஜம்பர் போட்டுக் கீழே இறக்க வேண்டும். ஜம்பரை மறந்துவிட்டு எழுதினால் பல சிப்புகள் மறுப்பே சொல்வதில்லை. பைட் வந்தால் "சரி, வாங்கிக்கொண்டேன்" என்று தலையாட்டும், ஆனால் உள்ளே எதுவும் எழுதாது. கருவியும் முடிந்தது என்று சொல்லிவிடும். ஆகையால் எழுதிய கையோடு திரும்பப் படித்து, இரண்டு கோப்பையும் பைட்டுக்குப் பைட் ஒப்பிட வேண்டும். எழுதிய நீளம் வரைக்கும் ஒப்பிட்டால் போதும், அதற்குப் பின்னால் இருப்பது வெற்றிடம்.

பிறகு மறுபடி பூட். அடையாளத்தைப் படிப்பது லினக்ஸ் இல்லை, அதற்கு முன்பே ஓடும் ஃபர்ம்வேர் என்பதால் ஓடும் கணினியில் போர்டைச் செருகி எடுப்பதில் அர்த்தம் இல்லை. மின்சாரத்தோடு செருகுவது ஆபத்தும்கூட. எல்லாம் சரியாக நடந்திருந்தால் ப்ராக் கோப்பகத்தில் டிவைஸ்-ட்ரீ, அதற்குள் ஹேட் என்ற கோப்பகம் தோன்றும். உள்ளே பொருள் பெயர், தயாரிப்பாளர், பொருள் எண், பதிப்பு, யூயூஐடி எல்லாம் தனித்தனிக் கோப்பாக இருக்கும். அந்தக் கோப்பகமே இல்லையென்றால் சிப் படிக்கப்படவில்லை. கோப்பகம் இருந்து போர்டு வேலை செய்யவில்லை என்றால் அடையாளம் சரி, ஓவர்லே பக்கம் பாருங்கள். இந்த ஒரு கேள்வி தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும். ஓவர்லே ஏன் ஏறவில்லை என்று ஃபர்ம்வேர் சொல்வது கெர்னல் லாகில் வராது; விசி-லாக் கட்டளையின் செய்திப் பகுதியில்தான் இருக்கும்.

சில சமயம் போர்டு சொல்வதைக் கேட்காமல் இருக்க வேண்டியிருக்கும். கான்ஃபிக் கோப்பில் ஃபோர்ஸ்-ஈஈப்ராம்-ரீட் என்ற அமைப்பைப் பூஜ்யமாக்கினால் ஃபர்ம்வேர் சிப்பைத் தட்டவே தட்டாது. ஜிபிஐஓ 0, 1ஐ வேறு வேலைக்குப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது அவசியம், இல்லாவிட்டால் ஒவ்வொரு பூட்டிலும் அந்தக் கம்பிகளில் ஐ2சி துடிப்பு ஓடும். அடையாளம் தெரியட்டும், ஓவர்லே மட்டும் வேண்டாம் என்றால் வேறு எந்த ஓவர்லே வரிக்கும் முன்னால் டிடிஓவர்லே சமக்குறி என்று மட்டும் எழுதி வலப்பக்கத்தைக் காலியாக விட வேண்டும். எதையோ எழுத மறந்துவிட்டது மாதிரித் தெரியும் இந்த வரியை, காரணம் தெரியாமல் ஒருவர் அழித்துவிடுவது அடிக்கடி நடக்கும்; பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.

இந்தச் சிப் சொல்வது உண்மைதானா என்று சோதிக்க எந்த ஏற்பாடும் இல்லை. சிஆர்சி, பைட் கெட்டுப்போனதா என்றுதான் சொல்லும். எழுதியவர் யார் என்று சொல்லாது. எந்த மேல்போர்டிலும் யார் வேண்டுமானாலும் இன்னொருவரின் பெயரை எழுதலாம், அந்தப் பெயருக்குரிய ஓவர்லே ஏறிவிடும். அடையாளம் வேறு, அங்கீகாரம் வேறு. இரண்டாவது தேவைப்படும் இடத்தில் கையெழுத்தைச் சரிபார்க்கும் தனிச் சிப் வைக்க வேண்டும், 24சி32ஐ நம்பிப் பயனில்லை.

மேல்போர்டு பெயர் சொல்லாவிட்டால் ஒரு ஒலியோ ஒரு திரையோ வராமல் போகும், அவ்வளவுதான். கீழே இருக்கும் போர்டே தன் பெயரை மறந்தால்? பீகிள்போனில் இதுவும் நடக்கும். அந்தப் போர்டுக்கும் சொந்தமாக ஒரு ஈஈப்ராம் உண்டு, உள் ஐ2சி தடத்தில், ஹெக்ஸ் 50இல். அதே ஏஏ 55 33 ஈஈ குறி, பிறகு பிளாக் மாடல் என்றால் ஏ335பிஎன்எல்டி என்ற பெயர். யூ-பூட்டின் முதல் கட்டம் இதைப் படித்துத்தான் எந்த மாடல் என்று தெரிந்துகொள்கிறது. பழைய பீகிள்போனில் இருப்பது டிடிஆர்2 ரேம், பிளாக்கில் டிடிஆர்3. எதை எந்த வேகத்தில் எழுப்புவது என்பது அந்தப் பெயரில் இருக்கிறது. சிப் எழுதப்படாமலே வந்துவிட்டால் எல்லா பைட்டும் எஃப்எஃப் ஆக இருக்கும். ரேமை எழுப்பத் தெரியாமல் யூ-பூட் அங்கேயே நின்றுவிடும். திரையில் எதுவும் வராது. சீரியல் கம்பியைச் செருகிப் பார்ப்பவருக்கு மட்டும், ஈஈப்ராமில் அடையாளக் குறி தவறு என்று சொல்லும் ஒரு வரி கிடைக்கும். அதற்குள் எட்டு எஃப்கள் வரிசையாக நிற்கும். பெயரைக் கேட்காமல் தானே ஊகித்துக்கொள்ளும்படி திருத்திய யூ-பூட் ஒன்றை எஸ்டி கார்டிலிருந்து ஓட்டி, அந்தச் சில பைட்டுகளை எழுதிய பிறகுதான் போர்டு பூட் ஆகும்.